அரைப்பேர் எழுத்து

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு அகராதிகள் தராத பொருளொன்று உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய கூலி செக்ரோலில் பதியப்படுவதே அங்குப் பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து சேர்ந்தால் முழுப்பேர், சேராவிட்டால் அரைப்பேர். அரைப்பேர் பெற்றவர் அன்று பாதி நாள் மாத்திரம் உழைத்தவரல்லர். விடியலிற் பிரட்டுக்களத்தில் நின்றவர், மலை ஏறியவர், மழையில் நனைந்தவர், மாலைவரை நிரையில் நின்றவர். கணக்கில் மாத்திரமே அவர் பாதியாகிறார்.

அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, நுவரெலியா ஆகிய பகுதிகளிலிருந்து எழுதிப் பிழைக்க முற்பட்டுள்ள இன்றைய இளந்தலைமுறையினர் பெறுவதும் பெரும்பாலும் இத்தகைய அரைப்பேரே. கட்டுரை வெளிவருகின்றது; எழுதியவரின் பெயர் வருவதில்லை. பெயர் வருகின்றது, எழுதிய பொருள் வருவதில்லை. இரண்டும் வந்தவிடத்தும் சன்மானம் வருவதில்லை. இதற்குப் பத்திரிகைகளையும் நிறுவனங்களையும் குறை கூறுவது எளிது. அக்குறைகூறலில் நியாயமும் உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. வேலையைத் தொடங்குமுன் வேலையின் நிபந்தனைகளைப் பேசிக்கொள்ளாமை, பேசாதிருப்பதை அடக்கம் எனப் போற்றுதல், போற்றியதை மரபென்று அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தல் என்பனவே மற்றைய பாதியாகும். இம்மரபு மரபன்று, பழைய அடிமைத்தனத்தின் எச்சம். இதனைத் தெளிவாக உணராதவரை மலையகத்தின் எழுத்துழைப்பு அரைப்பேரிலிருந்து மீளப்போவதில்லை.

சுயாதீன எழுத்தாளர் எனப்படுவோர் எவர் என்பதை முதலில் நோக்குதல் தகும். மாதச் சம்பளமின்றித் துண்டு துண்டாக வேலை ஏற்று எழுதுபவர் இவர். நாளிதழுக்குச் செய்தியும் கட்டுரையும், வானொலிக்குப் பிரதியும், தொண்டு நிறுவனத்திற்கு அறிக்கையும், தொழிற்சங்கத்திற்குத் துண்டுப் பிரசுரமும், ஆய்வாளருக்கு மொழிபெயர்ப்பும் இவரது கையிலிருந்தே போகின்றன. வேலை பெரும்பாலும் தொலைபேசியில் வருகின்றது. ‘தோட்டப் பெண்களின் சுகாதாரம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும், கொஞ்சம் அவசரம்’ என்று கொழும்பிலிருந்து ஒருவர் கூறுவதாகக் கொள்க. ‘சரி சேர், செய்து தருகிறேன்’ என்பது மலையிலிருந்து போகும் மறுமொழி. இருவரும் மகிழ்ச்சியுடன் தொலைபேசியை வைக்கின்றனர். ஆனால் அவ்விரு வாக்கியங்களுள் எத்தனை கேள்விகள் கேட்கப்படாமற் புதைந்து கிடக்கின்றன! அவசரம் என்றால் மூன்று நாளா, மூன்று வாரமா? கட்டுரை என்றால் எண்ணூறு சொல்லா, நான்காயிரம் சொல்லா? தோட்டத்திற்குப் போய்வரும் பேருந்துச் செலவு யாருடையது? பேட்டி தரும் பெண்ணின் பெயரை வெளியிடலாமா? எழுதியவரின் பெயர் எங்கே வரும்? எத்தனை முறை திருத்தித் தரவேண்டும்? பணம் எவ்வளவு, எப்போது?

கேட்கப்படாத ஒவ்வொரு கேள்விக்கும் பின்னர் ஒரு விடை வரத்தான் செய்கிறது. அவ்விடையை அளிப்பவர் எப்போதும் வேலை கொடுத்தவரே. நாலாயிரம் சொல்லில் எழுதியதை எண்ணூறு சொல்லாக அவர் வெட்டுவார். நான்காம் முறையும் திருத்தக் கேட்பார். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்பார். அவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. நிபந்தனை இல்லாத இடத்தில் வலியவரின் வசதியே நிபந்தனையாகிறது என்பதே இதன் இயல்பு.

தோட்டத் தொழிலாளிக்கு இது புதிய பாடமன்று. எந்த மலை, எந்த வேலை, எத்தனை நிறை என்பன பிரட்டுக்களத்திலேயே சொல்லப்பட்டுவிடுகின்றன. அவை நியாயமானவையா என்பது வேறு வினா. ஆனால் அவை முன்கூட்டியே தெரிகின்றன. தெரிவதனாலேயே அவற்றை எதிர்த்துப் போராடவும் முடிகின்றது. கொழுந்து நிறுக்குமிடத்தில் சாக்குக்கும் ஈரத்திற்கும் எனக் கழிக்கப்படும் ஒவ்வொரு கிலோவுக்கும் எழுத்தறியாத பெண் குரல் எழுப்புகிறாள். அவளது பிள்ளை உயர்தரம் கற்று, பட்டம் பெற்று, எழுத்தாளராகியபின் தன் கட்டுரையிலிருந்து கழிக்கப்பட்ட முந்நூறு சொல்லுக்குக் குரலெழுப்பக் கூச்சப்படுவது கல்வியின் பயனென்று கூறமுடியுமா?

தொகை மாத்திரம் பேசினாற் போதாது என்பதற்கும் தோட்டமே சான்று. நீண்ட போராட்டத்தின் பின்னர் 2021ஆம் ஆண்டிற் சம்பளச் சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாயென வர்த்தமானியில் வெளியாயிற்று. தொகை எழுத்தில் நிலைபெற்றது. ஆனால் அத்தொகைக்கு எத்தனை கிலோ பறிக்கவேண்டும் என்பது பிணக்காகவே நின்றது. தோட்டங்கள் பலவற்றில் நிறை உயர்த்தப்பட, உயர்ந்த நிறையை எட்டாதவருக்கு அரைப்பேர் விழுந்தது. கூலியை எழுதி வேலையின் அளவை எழுதாமல் விட்டால், கொடுத்த கை திருப்பி எடுத்துக்கொள்ளும். எழுத்துக்கும் இதுவே விதி. ‘ஐயாயிரம் ரூபாய் தருகிறோம்’ என்பது ஒப்பந்தமாகாது. எத்தனை சொல், எத்தனை திருத்தம், எந்நாள் என்பன சேர்ந்தபோதே அது ஒப்பந்தமாகும்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? மலையகத்தின் வரலாற்றில் ‘துண்டு’ என்றொரு காகிதம் இருந்தது. தோட்டத்துரை எழுதிக் கங்காணியின் கையிற் கொடுக்கும் சீட்டு அது. இன்ன கடனைத் தீர்த்தால் இத்தனை ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் சாரம். கடன் தொழிலாளியினுடையது, உடல் தொழிலாளியினுடையது, காகிதம் மாத்திரம் அவருடையதன்று. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே வாசிக்கமுடியாமல், அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றமுடியாமல், தோட்டம் விட்டுத் தோட்டம் அவர் மாற்றப்பட்டார். 1921ஆம் ஆண்டிற் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் காகிதத்தின் முன் வாய்மூடி நிற்கும் பழக்கத்தை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை.

பின்னரும் காகிதமே இம்மக்களின் விதியைத் தீர்மானித்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன; குடியுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. எத்தனையோ குடும்பங்கள் தாம் வாழ்ந்த வாழ்வை ஆவணத்தாற் காட்ட இயலாமலே தோற்றன. எழுதி வைக்கப்படாதது இல்லாததாகவே கொள்ளப்படும் என்பதை இத்தனை விலை கொடுத்துக் கற்ற சமூகம் இலங்கையில் வேறில்லை. அச்சமூகத்தின் எழுத்தாளர்களே தமது உழைப்பின் நிபந்தனைகளை எழுதி வைக்காதிருப்பது வியப்பன்றி வேறென்ன?

மலையகத்துப் பத்திரிகை முன்னோடிகள் இவ்வாறு மௌனம் காத்தவரல்லர். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், புடைவை வியாபாரியாக வேடம்பூண்டு தோட்டங்களுட் புகுந்து உண்மை நிலையை அறிந்தவர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை 1920களில் நடத்தியவர். அவர் தம் துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டுகள் அடங்கிய சிறு பிரசுரங்களை வெளியிட்டு, மேடைகளிலும் பாடினார். வாசிக்கத் தெரியாதவருக்கும் செய்தி சேரவேண்டுமாயின் பாட்டே வழியென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். யாருக்குச் சொல்கிறோம், எந்த வடிவிற் சொல்கிறோம், எதைப் பெறச் சொல்கிறோம் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. அத்தெளிவே எழுத்தாளர் ஆசிரியருக்கு எழுதும் ஒரு பக்கக் கடிதத்திலும் வேண்டப்படுவது.

நிபந்தனை தெளிவாக இருந்தவிடத்து மலையக எழுத்து செழித்தது என்பதற்கும் சான்றுண்டு. 1960களில் ‘வீரகேசரி’யின் துணையுடன் மலையக எழுத்தாளர்களுக்கெனச் சிறுகதைப் போட்டிகள் நடைபெற்றன. பரிசுக் கதைகள் தொகுக்கப்பட்டு 1971இல் ‘கதைக் கனிகள்’ எனும் நூலாயின. தெளிவத்தை ஜோசப் போன்றோர் அப்போட்டிகளிற் பரிசு பெற்று அறியப்பட்டவர்களே. போட்டி என்பது யாது? எதைப் பற்றி, எந்நாளுக்குள், என்ன பரிசுக்கு என்பதை முன்கூட்டியே அச்சிட்டு அறிவித்தல். லயத்தில் இருப்பவருக்கும் நகரத்தில் இருப்பவருக்கும் அவ்வறிவித்தல் ஒன்றே. ஆசிரியரை அறிந்தவர், அறியாதவர் என்ற பேதத்தை அது போக்கிற்று. திறமைக்கு வழிவிட்டது அவ்வெளிப்படைத்தன்மையே.

‘எழுத்து தொண்டு, தொண்டுக்குக் கூலி பேசுவது இழிவு’ என்று இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். முன்னோர் எவரும் பேசவில்லையே என்பதும் அவர்தம் வாதம். முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். தொழிற்சங்கப் பணியில் வாழ்ந்தவர். நடேசய்யர் சட்டசபையிலும் பின்னர் அரசாங்க சபையிலும் அங்கம் வகித்தவர். தெளிவத்தை ஜோசப் கணக்கெழுதும் தொழிலில் இருந்துகொண்டே கதை எழுதியவர். அவர்களுக்கு அடுப்பெரிய வேறு வழி இருந்தது. ஆகவே எழுத்துக்குக் கூலி கேளாமை அவர்களுக்கு ஈகையாயிற்று. இன்று எழுத்தையே அடுப்புக்கு விறகாகக் கொண்ட இளைஞருக்கு அதே மௌனம் பட்டினியாகின்றது. ஈகை செய்வோரின் வழக்கத்தைக் கூலிக்கு உழைப்போர்மீது சுமத்துவது அறமாகாது.

‘சிறு சஞ்சிகைகளிடம் பணம் ஏது?’ என்பது இரண்டாவது மறுப்பு. உண்மையே. டொமினிக் ஜீவா 1966 முதல் 2012 வரை ‘மல்லிகை’யைத் தாமே சுமந்து சென்று விற்று நடத்தினார், அத்தகையோரிடம் எவரும் காசோலை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் தெளிவு என்பது பணம் கேட்பதன்று. ‘சன்மானம் தர இயலாது, மூன்று பிரதிகள் அனுப்புவோம், உரிமை உங்களுடையதே’ என்று ஒரு சஞ்சிகை முதலிலேயே கூறுமாயின் அது நேர்மையான ஒப்பந்தம். விரும்பியவர் எழுதுவர். இல்லாமையை மறைத்து நம்பிக்கையை வளர்ப்பதே தவறு.

‘கேட்டால் ஆசிரியர் கோபிப்பார், அடுத்த வாய்ப்புப் போய்விடும்’ என்பது மூன்றாவது அச்சம். இவ்வச்சமே துண்டுக் காகிதத்தின் நிழல். பக்கம் நிரப்பும் பொறுப்புள்ள ஆசிரியருக்கு வேண்டியது பணிவன்று, நிச்சயம். சொன்ன நாளில், சொன்ன அளவில், சொன்ன பொருளில் ஒரு கட்டுரை வந்து சேரும் என்பதை உறுதியாக அறிந்தால் அவர் நிம்மதியாக உறங்குவார். நிபந்தனை கேட்பவரைக் கண்டு கோபிக்கும் ஆசிரியர் நிபந்தனையைக் காக்கப்போவதும் இல்லை. அவரிடம் இழக்கும் வாய்ப்பு இழப்பாகாது.

ஆயினும் எழுத்தாளர் தரப்பின் குறைகளை மறைத்துவிட்டு இவ்வழக்கைப் பேசுவது பொருந்தாது. ஒரே கட்டுரையை இரு பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டு இருவரிடமும் அதனைச் சொல்லாதிருப்போர் உளர். ஆயிரம் சொல் கேட்டவருக்கு மூவாயிரம் சொல் அனுப்பி, வெட்டியதும் வருந்துவோர் உளர். குறித்த நாளில் முடியாதென்பது ஒரு வாரத்திற்கு முன்பே தெரிந்தும், கடைசி இரவுவரை ‘நாளை, நாளை’ என்போர் உளர். நலம் விசாரித்தும் புகழ்ந்தும் ஒரு பக்கம் எழுதி, கேட்கவந்ததைக் கடைசி வரியில் முணுமுணுப்போர் பலர். இவையெல்லாம் பணிவல்ல, எதிரே இருப்பவரின் நேரத்தைத் திருடுதல்.

தெளிவான கடிதம் நீளமாக இருக்கவேண்டியதில்லை. ‘மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு, தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை குறித்து 1,200 சொற்களில் ஒரு கட்டுரை எழுத விரும்புகின்றேன். மூன்று பாடசாலைகளுக்கு நேரிற் செல்வேன். வேறெந்தப் பத்திரிகைக்கும் இதனை அனுப்பவில்லை. மார்ச் 10ஆம் திகதி தரமுடியும். ஒருமுறை திருத்தித் தருவேன். சன்மானம், பயணச் செலவு என்பன பற்றித் தங்கள் வழக்கத்தை அறியத்தருமாறும், இரு வாரத்துள் மறுமொழி கிடைக்காவிடில் வேறிடத்திற்கு அனுப்பலாமெனக் கொள்ளவும் வேண்டுகின்றேன்.’ இவ்வளவே. இதில் ஆணவம் எங்கே? பொருள், அளவு, நாள், திருத்தம், கூலி, உரிமை ஆகிய ஆறும் அடங்கிவிட்டன. தொலைபேசியிற் பேசியதாயினும் அன்றைக்கே ‘இன்று பேசிக்கொண்டபடி’ எனத் தொடங்கி நான்கு வரி மின்னஞ்சலோ வாட்ஸப் செய்தியோ அனுப்பிவிட்டால் பேச்சு எழுத்தாகிவிடும். ஒப்புக்கொண்டதற்கு மேலே வேலை கேட்கப்படின், தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்துக்குக் கைக்காசு தனியே கணக்கிடப்படுவதுபோல, அதற்குத் தனிக்கூலி உண்டென்பதையும் முதலிலேயே சொல்லிவிடலாம்.

மொழி பற்றியும் முன்கூட்டிப் பேசவேண்டியதுண்டு. கவ்வாத்து, பிரட்டு, நிரை, கொந்தரப்பு முதலிய சொற்கள் ஆசிரியர் மேசையிற் ‘பிழை’யாகத் தோன்றுகின்றன. பிரட்டு என்பது அணிவகுப்பாகவும், பேர் என்பது பெயராகவும் ‘திருத்தப்பட்டு’ அச்சேறும்போது அக்கட்டுரை தோட்டத்தில் எவருக்கும் விளங்காததாகிவிடுகிறது. இச்சொற்களை ஏன் மாற்றக்கூடாது என்பதை, பொருளுடன் ஐந்து வரிக் குறிப்பாகக் கட்டுரையோடு சேர்த்தனுப்புவது எழுத்தாளரின் கடன். ஐயம் எழுந்தவிடத்து வெட்டுமுன் ஒருமுறை கேட்பது ஆசிரியரின் கடன். இது வெறும் மரியாதை மாத்திரமன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பில் தம் பெயர் குறிக்கப்படுவதற்கும், தம் மதிப்புக்கு ஊறு விளைக்கும் சிதைவை எதிர்ப்பதற்கும் ஆக்கியோருக்கு உரிமை அளிக்கின்றது. பொருளாதார உரிமை கைமாறிய பின்னரும் அவ்வுரிமை ஆக்கியோரிடமே நிற்கின்றது. சட்டம் தந்த உரிமையைக் கேட்கக் கூச்சப்படுவோர், அவ்வுரிமை இல்லாதவரினும் தாழ்ந்தே நிற்பர்.

இவ்வழக்கிற் பல்கலைக்கழகமும் பார்வையாளராக ஒதுங்கிவிட முடியாது. மலையகம் பற்றிய ஆய்வுகள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. நாட்டார் பாடலை ஒலிப்பதிவு செய்து எழுத்திற் பெயர்ப்பவர், முதியோரைப் பேட்டி காண்பவர், தோட்ட வழக்கைச் செந்தமிழாக்கித் தருபவர் பல சமயங்களில் அத்தோட்டத்து ஆசிரியரோ வேலை தேடும் பட்டதாரியோதான். ஆய்வேடு முற்றுப்பெறும்போது அவருக்குக் கிடைப்பது முன்னுரையில் ‘உதவிய நண்பர்களுக்கு நன்றி’ எனும் ஒரு வரி. சில வேளைகளில் அவ்வரியிலும் பெயரில்லை. சுரண்டலைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதும் ஆய்வு, தன் தரவைத் திரட்டிய கைக்கு அரைப்பேர் போடுமாயின் அவ்வாய்வின் முடிவுரையை எவர் நம்புவர்? இன்று விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கும் மாணவரே நாளை பத்திரிகை ஆசிரியராகவும், நிறுவன அதிகாரியாகவும், ஆய்வு மேற்பார்வையாளராகவும் அமர்ந்து எழுத்து வேலையைப் பகிர்ந்தளிக்கப் போகின்றவர். பேசிக்கொள்ளும் பழக்கம் இங்கேயே தொடங்கவேண்டும்.

செய்யவேண்டியவை அரியவை அல்ல. ஒவ்வொரு பத்திரிகையும் சஞ்சிகையும் தனது சன்மான விகிதத்தையும், மறுமொழிக்குரிய காலத்தையும், திருத்தும் முறையையும் ஆண்டுக்கொரு முறையேனும் தன் பக்கத்திலேயே அச்சிடட்டும். ஏற்கப்படாத படைப்புக்கு ‘ஏற்கவில்லை’ என்ற ஒரு வரியையாவது ஆசிரியர் அனுப்பட்டும்; மௌனம் மறுமொழியாகாது. ஆய்வுத்துறைகள் களவுதவியாளரின் பெயரையும் கூலியையும் வேலை தொடங்குமுன் எழுத்திற் பதியட்டும். மலையக எழுத்தாளர் அமைப்புகள் வெளியீட்டு விழாக்களுக்குச் செலவிடும் உழைப்பிற் சிறிதை, இளையோருக்கு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதக் கற்பிப்பதிற் செலவிடட்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கோரும் அறிவித்தலிலேயே, சொல்லளவு, இறுதி நாள், திருத்தும் பொறுப்பு யாருடையது, எழுதியவருக்குக் கிடைக்கும் பிரதிகள் எத்தனை என்பவற்றை வெளிப்படையாகக் கூறட்டும்.

இவை நடைபெறும்வரை காத்திருக்கவேண்டிய தேவை எழுத்தாளருக்கு இல்லை. அடுத்த வேலை தொலைபேசியில் வரும்போது, ‘சரி சேர்’ என்பதற்கு முன்னர், ‘எத்தனை சொல், எந்நாள், எவ்வளவு, யார் பெயரில்?’ என்ற நான்கு கேள்விகளை அவர் கேட்கலாம். தாயும் பாட்டியும் கொழுந்து நிறுக்குமிடத்தில் நின்று கேட்ட கேள்விகள் அவை.